எல்லாப் படத்துலயும் ஒரு கிணறு

எங்க வூட்டுக்காரரு பேரை நான் சொல்லமாட்டேன். கட்டினவன் பேரைச் சொன்னா அவனுக்கு ஆயுசு குறையும்னு எங்கம்மா சொல்லித்தான் அனுப்பிச்சாங்க. பேரு தெரியலன்னா ஒண்ணும் நட்டமில்ல. குன்னத்துல பஸ்ஸை விட்டு இறங்கி "டாக்கியாரு வூடு எது?"ன்னு கேட்டா கைப்புள்ளகூட வழி காட்டும். ஆறு காணி கரிசக்காடு, ஒரு ஜோடி மாடு, பருத்தியும் வெங்காயமும் போடுற குடியானவருக்கு ஊரு வச்ச பேரு அது. டாக்கின்னா பேசுற சினிமாப் படம், கேலிக்குத்தான் வச்சாங்க. அவரு என்னமோ கலெக்டரு கையால வாங்கின பட்டம் மாதிரி அதைத் தோள்ல போட்டுக்கிட்டுத் திரிவாரு.

மதராஸை அவரு பாத்ததில்ல. சினிமா புடிக்கிற எடம் ஓடு போட்டதா கூரை போட்டதான்னுகூடத் தெரியாது. ஆனா அபிப்பிராயத்துக்கு மட்டும் பஞ்சமே இல்ல. "அந்தக் கதாநாயகன் கொரலு தங்கந்தான், ஆனா மூஞ்சியில ஈ உக்காந்தாலும் அசையமாட்டான்"ம்பாரு. "அந்தப் படத்துல ராசாவைவிடக் குதிரை நல்லா நடிச்சிருக்கு. பயப்பட வேண்டிய எடத்துல அது ஒண்ணுதான் பயந்துச்சு"ம்பாரு. இன்னொரு படத்துல பெத்தவ சாவக் கெடக்குறாளாம், மவன் பக்கத்துல உக்காந்து வரிசையா மூணு பாட்டுப் பாடுறானாம். "அந்தம்மா நோவுலயா செத்தா? பாட்டைக் கேட்டே செத்தா"ன்னு ஊருக்கே தீர்ப்பு சொன்னாரு.

இப்பல்லாம் ஒருத்தி வாயை அசைக்க, வேற ஒருத்தி மறைவா நின்னு பாடுறாளாமே. அதைக் கேள்விப்பட்ட நாள்லேர்ந்து மூணு நாளு சோறு இறங்கல அவருக்கு. "நான் காட்டுல நின்னு சும்மா கையை ஆட்டுறேன், அடுத்த காட்டுக்காரன் வந்து ஏரு ஓட்டட்டும், வெள்ளாமையை நான் அள்ளிக்கிறேன், ஒத்துக்குவியா?"ன்னு என்கிட்ட சண்டைக்கு வந்தாரு. நான் என்னமோ பாடுனவ மாதிரி. மணியக்காரரு குருநாதன் வூட்டுல ஒரு கிராமபோன் பொட்டி உண்டு, ஊருக்கே அது ஒண்ணுதான். அங்க போயி உக்காந்துக்கிட்டு, "பிளேட்டை நிறுத்துங்க மணியக்காரரே, பாடுற அம்மாவுக்குச் சளி புடிச்சிருக்கு. ஒரு கஷாயம் வச்சுக் குடுத்துட்டு அப்புறம் போடுங்க"ம்பாரு. உலகச் சண்டைக் காலத்துல பிலிம் தட்டுப்பாடுன்னு சர்க்காரு படத்தோட நீளத்தைக் குறைச்சாங்க. முப்பது, நாப்பது பாட்டு இருந்த எடத்துல பத்துப் பாட்டு. "இந்தச் சண்டையால வந்த ஒரே நன்மை இதுதான்"னு ஒருநாளு சொன்னாரு. மறுநாளே "பாட்டைக் குறைச்சு நம்ம வயித்துல அடிச்சிட்டானுவளே"ன்னு பொலம்பினாரு. எதுக்கும் ரெண்டு அபிப்பிராயம் மடியில வச்சிருக்கிற மனுசன்.

இத்தனை பேசுற மனுசன் கட்டின பொண்டாட்டியை ஒரு படத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணுமா இல்லியா? ஒம்போது வருசம். கேட்டா, "நான் பாத்தா நீ பாத்த மாதிரிதானே ரத்தினம்"ம்பாரு. ஒருநாளு ராத்திரி நான் மட்டும் சாப்பிட்டுட்டுச் சட்டியைக் கவுத்து வச்சுட்டேன். "நான் சாப்பிட்டா நீங்க சாப்பிட்ட மாதிரிதானே"ன்னேன். அன்னைக்கு ஒருநாளுதான் வூடு அமைதியா இருந்துச்சு.

படம் ஓடுறது அரியலூரு ரயிலடிக்குப் பின்னால இருக்கிற கீத்துக் கொட்டாயில. அதுல மிசினு ஓட்டுறவன் வேற யாருமில்ல, என் கூடப் பொறந்த தம்பி செல்லதுரைதான். அப்பா போனப்புறம் எங்கெங்கயோ அலைஞ்சு, கடைசியா அந்த வேலையில ஒட்டினான். அதை வச்சுத்தான் எங்கம்மா கஞ்சி குடிக்கிறாங்க. வெள்ளிக்கிழமை படம் மாத்தினா இவரு மத்தியானமே மூட்டை கட்டிடுவாரு. இருட்டினதும் படம் ஆரம்பிக்கும். மிசினு ஒண்ணே ஒண்ணு, அதனால மூணு எடத்துல நிறுத்தி விளக்கைப் போட்டு ரீலு மாத்தணும். ராத்திரி ஒம்பதரைக்கெல்லாம் இவரு பெரம்பலூரு போற, பெட்ரோலு இல்லாம கரிப்புகையில ஓடுற பஸ்ஸுல வந்து குன்னத்துல இறங்கிடுவாரு, மூஞ்சியெல்லாம் கரியோட. படம் எத்தனை மணிக்கு முடியும்னு எனக்கு என்ன தெரியும்? பாத்தாத்தானே தெரியும்.

மறுநாளு எங்க காட்டுலதான் ரெண்டாவது ஆட்டம். பருத்தி எடுக்க ஆளு கிடைக்காம அடுத்த காட்டுக்காரன் ஊரு ஊரா அலைவான். எங்க காட்டுக்கு மட்டும் கூப்பிடாமலே வந்து நிப்பாங்க. கூலியும் உண்டு, சினிமாவும் உண்டு. இவரு வரப்பு மேல நின்னு, கொட்டாயில வாங்கின பாட்டுப் புத்தகத்தைக் கையில புடிச்சுக்கிட்டு, ராசாவாவும் ராணியாவும் குதிரையாவும் மாறி மாறி நடிப்பாரு. அழுவாச்சிக் கட்டம் வந்தா ஒரு கையும் ஓடாது. பருத்தி செடியிலேயே நிக்கும். நான் கிடந்து கத்துவேன். "செத்த இரும்மா, அந்தப் பொண்ணு என்ன ஆனான்னு கேட்டுட்டு எடுக்குறோம்"ம்பா ஆண்டாயி. எங்க காட்டுல வருசாவருசம் வேலை செய்யுறவ, வாயும் பெருசு, மனசும் பெருசு.

அந்தப் பாட்டுப் புத்தகத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும். முதல் பக்கத்துல கதை போட்டிருப்பான். நல்லா போயிக்கிட்டே இருக்கும். சரியா முடிச்சு அவிழுற எடத்துல, "மீதியை வெள்ளித்திரையில் காண்க"ன்னு நிறுத்திடுவான். காசு வாங்கிக்கிட்டு இப்படி ஒரு அக்கிரமம்.

இவரு சொல்லுற முடிவு எப்பவும் பிரமாதமா இருக்கும். பிரிஞ்சவங்க சேருவாங்க, குருட்டுத் தாய்க்குக் கண்ணு தெரியும், கெட்டவன் ஓடுவான், ஓடுற வழியில ஒரு கிணறு இருக்கும், அதுல விழுவான். சாமி படமா இருந்தாலும் சரி, ராசா படமா இருந்தாலும் சரி, எல்லாப் படத்துலயும் ஒரு கிணறு. எனக்கே ஒரு தடவை சந்தேகம் வந்து, "ஏங்க, போன படத்துலயும் கிணத்துலதானே விழுந்தான்?"னு கேட்டேன். "படம் எடுக்குறவனுக்கு வேற யோசனையே வர்றதில்ல, என்னை என்ன பண்ணச் சொல்லுற?"ன்னு முகம் தெரியாத ஆளையெல்லாம் அரை மணி நேரம் திட்டினாரு. நானும் சரிதான் போலன்னு அடுப்பைப் பாக்கப் போயிட்டேன்.

இந்தத் தை மாசம் ஒரு படம் வந்துச்சு. பத்தினி ஒருத்தி மேல புருசனோட அண்ணன்காரன் அபாண்டமாப் பழி போடுறான். புருசன் நம்பி, கைப்புள்ளையோட அவளை விரட்டிடுறான். இவரு அதை மூணு தடவை போயிப் பாத்துட்டு வந்தாரு. காட்டுல சொன்னப்போ ஆண்டாயி மூக்கைச் சிந்திச் சிந்தி முந்தானையே நனைஞ்சு போச்சு. கடைசில கோயில் வாசல்ல புருசனும் பொண்டாட்டியும் சேர்ந்து, புள்ளை "அப்பா"ன்னு கூப்பிட்டு, அந்த அண்ணன்காரன் தலைதெறிக்க ஓடி, படி இல்லாத நாப்பதடிக் கிணத்துல விழுந்தான். "நல்லா வேணும் அவனுக்கு!"ன்னு காடே சத்தம் போட்டுச்சு.

சேதி மணியக்காரரு காதுக்குப் போச்சு. "அந்தக் கிணத்தை நான் கண்ணால பாக்கணும்யா. வண்டியைப் பூட்டுங்க"ன்னுட்டாரு. மூணு வண்டி. மணியக்காரரு வூட்டாளுங்க ஒண்ணு, எங்க தெருக்காரங்க ஒண்ணு, பருத்தி எடுக்குறவங்க ஒண்ணு. மத்தியானம் கிளம்பி, படம் பாத்துட்டு, ரயிலடியில வண்டிக்கடியில படுத்துட்டு விடியக்காலம் திரும்புறதா ஏற்பாடு. எங்க வூட்டுக்காரரு என்ன பண்ணணும்? சந்தோசப்படணும். அவரு, "எதுக்கு மணியக்காரரே இந்த அலைச்சலு? நான் சொன்னதைவிட அதுல புதுசா என்ன இருக்கப்போவுது?"ன்னு இழுத்தாரு. தன்னடக்கம்னு நினைச்சாங்க. நான் முதல் ஆளா ஏறி வண்டியில உக்காந்துட்டேன். இறங்கச் சொல்லிப் பாக்கட்டும் பாப்போம்.

கொட்டாயின்னா என்னமோன்னு இருந்தேன். மணலைக் கொட்டி, நடுவுல இடுப்பளவு மண்சுவரு வச்சு, அந்தப் பக்கம் ஆம்பளை, இந்தப் பக்கம் பொம்பளை. மணியக்காரரு சம்சாரமும் ஆண்டாயியும் ஒரே மணல்ல உக்காந்தாங்க. ஊருல இது நடக்குமா? படம் ஆரம்பிச்சதும் எனக்கு வாயை மூடத் தெரியல. உண்மையைச் சொல்லிடுறேன், நான் அழுதேன். வெக்கமா இருந்துச்சு, ஆனாலும் அழுதேன். ஒம்போது வருசமா இதையா எனக்குக் காட்டாம வச்சிருந்தாருன்னு ஆத்திரத்துலயும் அழுதேன்.

மூணாவது தடவை விளக்குப் போட்டாங்க. அப்பத்தான் வெளியில பஸ்ஸு ஹாரன் அடிச்சுச்சு. சும்மா அந்தப் பக்கம் திரும்பினேன். எங்க வூட்டுக்காரரு சடக்குன்னு எழுந்து, துண்டை உதறித் தோள்ல போட்டு, செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு ரெண்டு எட்டு வச்சாரு. அப்புறம் என்னமோ ஞாபகம் வந்தவரு மாதிரி நின்னு, சுத்திப் பாத்துட்டு, மறுபடியும் உக்காந்தாரு. எனக்கு மண்டையில ஆணி அடிச்ச மாதிரி ஆச்சு. அது பெரம்பலூரு போற கடைசி பஸ்ஸு. படம் பாக்கப் போனா அவரு எப்பவும் வந்து இறங்குற பஸ்ஸு. படம் இன்னும் முடியல!

அதுக்கப்புறம் நான் படத்தை எங்க பாத்தேன்? இத்தனை வருசமா அவரு சொன்ன கிணத்தையெல்லாம் ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

முடிவு வந்துச்சு. புருசன் ஓடி வர்றான். அவ அவன் மடியில தலை வச்சு என்னமோ சொல்ல வாயைத் திறக்குறா. சரியா அந்த நேரம் பாத்து ஒரு கூட்ஸ் வண்டி தடதடன்னு போச்சு. வண்டி போனப்போ அவளும் போயிட்டா. அந்த அண்ணன்காரன் பாட்டுக்கு நல்லா நிக்கிறான். திரையில வெள்ளை விழுந்து விளக்குப் போட்டுட்டாங்க.

குன்னத்துக்காரங்க இன்னும் கிணறு வரும்னு திரையையே பாத்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம் மணியக்காரரு எழுந்தாரு. "கிணறு எங்கடா?"

அவ்வளவுதான். "கோயிலைக் காணோம்!", "கடைசி ரீலை வெட்டிட்டானுவ!"ன்னு மூணு வண்டி ஆளும் குதிச்சாங்க. அரியலூருக்காரங்க, "ஐயா, இதுதாங்க முடிவு, நாங்க போன வாரமே பாத்தோம்"னாங்க. "உங்களுக்கும் வெட்டித்தான்யா காட்டியிருக்கான், அது தெரியாம உக்காந்திருக்கீங்க!"ன்னு மணியக்காரரு அவங்க மேல பரிதாபப்பட்டாரு. கொட்டாயி முதலாளி கருப்பண்ணன் ஓடி வந்தாரு. அவரு ஆதியில நெல்லு யாவாரி, டிக்கெட்டைக் கிழிக்கத் தெரியுமே தவிர ரீலு எத்தனைன்னு தெரியாது. "தாலுக்கா ஆபீசுல எழுதிப் போட்டு உன் லைசென்சைப் புடுங்குறேன்"னு மணியக்காரரு சொன்னதும் மனுசனுக்கு வேர்த்துப் போச்சு. நேரா மிசினு ரூமுக்குப் போயி என் தம்பியைச் சட்டையைப் புடிச்சு இழுத்துட்டு வந்தாரு.

"படப் பொட்டி உன் கையிலதானேடா இருந்துச்சு? வளையக்காரனுக்கு வித்துட்டியா ரீலை? உருக்கி வளையலு பண்ணிட்டானா?"

"இல்லீங்க முதலாளி. வந்ததை அப்படியே ஓட்டினேங்க."

"அப்ப இவங்க இத்தனை பேரும் பொய்யா சொல்லுறாங்க? நாளைலேர்ந்து நீ வராத. வூட்டுக்குப் போலீஸ் வரும், ஞாபகம் வச்சுக்க."

மணியக்காரரு கையைத் தூக்கினாரு. "இருங்க. சாட்சி நம்மகிட்ட இருக்கு. மூணு தடவை முழுசாப் பாத்தவன் இங்கயே இருக்கான். டாக்கியாரே, நீ சொல்லு. கிணறு உண்டா இல்லியா?"

கொட்டாயே அவரைத் திரும்பிப் பாத்துச்சு. அவரு துண்டு நுனியை முறுக்கிக்கிட்டே, "ரீலு பழசு மணியக்காரரே... வர்ற வழியில தேஞ்சு போயிருக்கலாம்..."னாரு.

தேஞ்சு போயிருக்கலாமாம்! நாப்பதடிக் கிணறு!

நான் என் தம்பியைப் பாத்தேன். அவனுக்குத் தெரியும். மிசினு ரூமு ஓட்டையிலேர்ந்து ஒவ்வொரு தடவையும் இவரு துண்டை உதறிட்டு ஓடுறதைப் பாத்தவன் அவன்தானே. ஒரு வார்த்தை சொன்னாப் போதும், தப்பிச்சுக்கலாம். "மச்சான் என்ன சொல்லுறாரோ அதுதாங்க"ன்னுட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அக்கா புருசனை நாலு பேரு முன்னாடி பொய்யனாக்க மாட்டானாம். அதுக்குத் திருட்டுப் பட்டம் கட்டிக்கிட்டாலும் பரவாயில்லியாம். மண்சுவரு மேல ஏறி நின்னேன்.

"ஏங்க! பஸ்ஸு ஹாரன் அடிச்சப்போ எதுக்கு எழுந்தீங்க?"

வேற ஒண்ணும் கேக்கல. அவரு என்னைப் பாத்தாரு. அப்புறம் துண்டைத் தோள்லேர்ந்து எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டாரு.

"மாப்ள மேல குத்தமில்ல"ன்னாரு. "கிணறு படத்துல இல்ல. நான் சொன்னது. நான் ஒரு படத்தையும் கடைசி வரைக்கும் பாத்ததில்ல."

அடிக்கப்போறாங்கன்னு நினைச்சேன். யாரும் அடிக்கல. மணியக்காரரு மெதுவா, "அப்ப... போன ஆடியில வந்த படத்துல, அந்தக் குருட்டுத் தாய்க்குக் கண்ணு தெரிஞ்சுதே?"ன்னாரு.

"அதுவும் நான்தான்."

"அந்த ராசகுமாரன் சிறையிலேர்ந்து வந்தது?"

"நான்தான்."

ஒவ்வொருத்தரா அவங்கவங்க படத்தைக் கேட்டாங்க. அவரு நின்னு எல்லாத்துக்கும் பதிலு சொன்னாரு. கடைசியா ஆண்டாயி இந்தப் பக்கத்துலேர்ந்து கேட்டா. "ஐயா, ஆத்துல விட்ட அந்தப் புள்ள? ரெண்டு வருசத்துக்கு முன்னாடி சொன்னீங்களே. அது பொழைச்சுதா இல்லியா?"

"தெரியாது ஆண்டாயி"ன்னாரு. அந்த மனுசன் வாயிலேர்ந்து அந்த வார்த்தையை நான் அன்னைக்குத்தான் முதல்ல கேட்டேன்.

முதலாளி என் தம்பி சட்டையை விட்டு, கசங்கின எடத்தைத் தடவிக் குடுத்துட்டுப் போனாரு. வேலை தப்பிச்சுது. அவன் எனக்குக் கும்பிடு போடுவான்னு பாத்தா, "மச்சானை இத்தனை பேரு முன்னாடி தலை குனிய வச்சிட்டியேக்கா"ன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டான். ஒரு மாசம் பேசல. இந்த நன்றியை எங்க போயிச் சொல்ல?

விடியக்காலம் வண்டி கிளம்பிச்சு. என்னால அடக்க முடியல. "ஏங்க, அப்படி என்ன தலை போற அவசரம்? ஒருநாளு ராத்திரி என் தம்பிகூட அங்கயே படுத்துட்டு, முடிவைப் பாத்துட்டு வந்தா என்ன கொள்ளை போவுது?"ன்னு புடிச்சுக்கிட்டேன்.

"நீதானே சொன்ன"ன்னாரு.

"நானா? என்ன சொன்னேன்?"

"எங்கம்மா செத்த வருசம். வெளியூருல ஒரு ராத்திரி தங்கினீங்கன்னா, காலைல வந்து பாருங்க, நான் பொறந்த வூட்டுல இருப்பேன்னு சொன்ன."

சொல்லியிருப்பேன். அப்ப எனக்குப் பதினேழு வயசு, புது வூடு, துணைக்கு ஆளில்ல, பயத்துல என்னென்னமோ சொல்லியிருப்பேன். அடுத்த வாரமே மறந்துட்டேன். இந்த மனுசன் மறக்கல. ஒம்போது வருசமா, எந்தப் படமா இருந்தாலும், ஹாரன் அடிச்சதும் துண்டை உதறிட்டு வந்திருக்காரு. நான் வாசலைத் திறக்குறப்போ நான் இருக்கேனான்னு பாத்திருக்காரு. இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன, ஒரு வார்த்தையில முடிஞ்சிருக்குமே! அன்னைக்கு வண்டியில அவரைத் திட்டவும் முடியல, திட்டாம இருக்கவும் முடியல. முந்தானையை வாயில வச்சுக்கிட்டு வந்தேன்.

அதோட அவரு அபிப்பிராயம் சொல்லுறதை நிறுத்திட்டாரு. காட்டுல வரப்பு காலியா இருந்துச்சு. ஆளுங்க அடுத்த காட்டுக்குப் போக ஆரம்பிச்சாங்க. நிம்மதியா இருக்கும்னு நினைச்சேன். வூடே எழவு வூடு மாதிரி இருந்துச்சு. பங்குனியில புதுப் படம் வந்தப்போ நானே வம்பா இழுத்துட்டுப் போனேன். ரெண்டு பேருமா முழுசாப் பாத்தோம், என் தம்பி எடத்துல படுத்தோம். அந்தப் படத்துல அஞ்சு பேரைக் கெடுத்தவன் கடைசில வந்து காலுல விழுறான். எல்லாரும் மன்னிச்சு, பாதிச் சொத்தையும் குடுத்து, கூட நின்னு ஒரு பாட்டும் பாடுறாங்க. அந்தப் படம் எடுத்தவனை என் கையில குடுத்திருந்தா அன்னைக்கு என்ன பண்ணியிருப்பேன்னு தெரியல. இவரு கப்புசிப்புன்னு உக்காந்திருந்தாரு.

மறுநாளு வெங்காயம் புடுங்கிக்கிட்டிருந்தோம். மிச்சமிருந்த ஏழெட்டுப் பேரு. ஆண்டாயிதான் கேட்டா, என்னைப் பாத்து. "அம்மா, நீங்க சொல்லுங்க. கடைசி வரைக்கும் கண்ணால பாத்தவங்க நீங்கதான். அந்தக் கெட்ட பய என்ன ஆனான்?"

அவரு ரெண்டு பாத்தி தள்ளிக் குனிஞ்சே கிடந்தாரு. எல்லாக் கையும் நின்னு போச்சு. நான் தொண்டையைச் செருமிக்கிட்டேன்.

"ஓடினான்டி. கிணத்துல விழுந்துட்டான்"னேன்.

ஆண்டாயி ஒரு தடவை என்னைப் பாத்தா, ஒரு தடவை அவரைப் பாத்தா. அவளுக்கா தெரியாது? "நல்ல ஆழமான கிணறாம்மா?"ன்னா.

"அளவெல்லாம் எனக்கு எங்க தெரியும்? அவரைக் கேளு."

அவரு தலையைத் தூக்கவே இல்ல. கையில வெங்காயத் தாளோட, "அறுபதடி"ன்னாரு.